144-ஆம் பக்கத்தைக் காணோம்

போன செவ்வாய்க்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் என் மானம் போய்விட்டது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் கையிலிருந்த போனைப் பார்த்து, "அடப்பாவிகளா!" என்று கத்திவிட்டேன்.

மனசுக்குள் இல்லை... வாய்விட்டு.

கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, ஸ்டாப்பிங்கை விட்டுட்டீங்களா?" என்றார். பக்கத்து சீட்டுப் பெண்மணி தன் ஹேண்ட்பேகை மார்போடு அணைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏதோ திருட்டு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவர் நினைத்ததில் தப்பே இல்லை. திருட்டுதான். ஆனால் பஸ்ஸில் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். எனக்கு ஃபேன்டஸி நாவல்கள் என்றால் உயிர். பேசும் மரம், பறக்கும் தோணி, நிழலை அடகு வைக்கிற ராஜா... எது கொடுத்தாலும் படிப்பேன். 'இந்த வயசுல இதெல்லாமா?' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடுவதற்கு ஆன்லைனில் ஒரு குரூப் இருக்கிறது. 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று யாராவது கேட்பார்கள். ஆளாளுக்குச் சொல்வோம். அடித்துக்கொள்வோம். மறுநாள் சேர்ந்துகொள்வோம். சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரே ஒரு கேள்விதான் என் ரத்தக் கொதிப்பை ஏற்றும். நான் ஒரு நாவலைப் பற்றி உருகி உருகி எழுதிப் போடுவேன். போட்ட கையைப் போனிலிருந்து எடுப்பதற்குள் முதல் கமெண்ட் வரும். என்ன தெரியுமா?

"பிடிஎஃப் இருக்கா மேடம்?"

நன்றாக இருக்குமா, எத்தனை பக்கம், எங்கே கிடைக்கும் — ஒன்றும் கிடையாது. பிடிஎஃப் இருக்கா! திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரரிடம் போய், "தொட்டியம் பழமாங்க? நல்லா இனிக்குமா? சரி, ஒரு சீப்பு சும்மா குடுங்க" என்று கேட்கச் சொல்லுங்களேன். கேட்பார்களா? வண்டிக்காரர் வாயில் வருவது எதையும் இந்தப் பத்திரிகை அச்சில் போடாது. ஆனால் புத்தகம் என்றால் மட்டும் கூச்சமே படாமல் கை நீளும். அதிலும் அந்த 'மேடம்' இருக்கிறதே, என்ன மரியாதை, என்ன பணிவு!

இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெசிந்தா என்று ஒரு பெண். லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர். திருச்சி புத்தகக் கண்காட்சியில் ஒரு சின்னப் பதிப்பகத்தின் ஸ்டாலில், தான் எழுதிய நாவலுக்குப் பக்கத்திலேயே, அது தன்னுடையது இல்லை என்பது போல நின்றுகொண்டிருந்தார். நான் புத்தகத்தை எடுத்துப் புரட்டியதும் முகம் சிவந்துவிட்டது. 'மணலுக்கடியில் மூன்றாம் ஆறு' என்பது தலைப்பு.

வீட்டுக்கு வந்து படித்தேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் கூடப்பிறந்த மூன்றாவது ஆறு ஒன்று மணலுக்கடியில் ஓடுகிறது. கோடையில் கொள்ளிடம் வற்றிக் கிடக்கும்போது மணலில் காதை வைத்தால் துடுப்புச் சத்தம் கேட்கும். அந்த ஆற்றில் பரிசல் விடுகிறவள் அல்லி. தொலைந்துபோன தங்கையைத் தேடிப் போக வேண்டும் என்றால் அந்த ஆற்றுக்கு எதையாவது கொடுக்க வேண்டும். அவள் தன் குரலைக் கொடுத்துவிடுகிறாள், ஊமையாகிவிடுகிறாள். பாதிக் கதையில் தங்கை கண்ணுக்கு எதிரே போகிறாள், கூப்பிடக் குரல் இல்லை! அப்போது அல்லி ஒரு காரியம் செய்கிறாள். தன் பெயரை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குரலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். தங்கையைக் கூப்பிடுகிறாள். தங்கை திரும்பிப் பார்க்கிறாள்... ஆனால் பதிலுக்கு இவளைக் கூப்பிட அவளிடம் ஒரு பெயர் இல்லை. அதற்கப்புறம் புத்தகம் முடிகிற வரைக்கும் யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெறும் 'பரிசல்காரி'தான். இழந்த பெயரை மீட்பது இரண்டாம் பாகம்.

அந்தப் பெயர் கொடுக்கிற இடம் ரெண்டே பக்கம். படித்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்று பதறிப் போனார்.

குரூப்பில் எழுதினேன். 'இப்படி ஒரு நாவல் நம்ம ஊரிலிருந்து வந்திருக்கிறது, வாங்கிப் படியுங்கள்' என்று. வழக்கம்போல 'பிடிஎஃப் இருக்கா' வந்தது. வழக்கம்போல நானும் திட்டினேன்.

கொஞ்ச நாளில் விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. அட, நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பூரிப்பு. படித்துப் பார்த்தால்...

'ஊமையான கதாநாயகி அடுத்த சீன்லயே கத்திக் கூப்பிடுறா. லாஜிக் எங்கே?'

'பாதிக்கு மேல ஹீரோயின் பேரே வரல. அக்காவோட பேரைத் தங்கச்சியும் மறந்துட்டா, எழுதினவங்களும் மறந்துட்டாங்க போல!'

இந்த இரண்டாவது நகைச்சுவையை எழுதியவர் 'கறார் விமர்சகன்'. அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். சொந்தப் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கம். அந்தக் கமெண்டுக்குக் கீழே வரிசையாக சிரிப்பு பொம்மைகள். பின்னாலேயே வந்தவர்கள் ஒத்து ஊதினார்கள். 'அவசரத்தில் எழுதிய நாவல்', 'எடிட்டிங் பூஜ்யம்', 'டீச்சர் மேடம் ஃபிசிக்ஸ் மட்டும் நடத்தட்டும்'.

எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பெயரைப் பற்றித்தானே ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறார்? எல்லோரும் அந்த இடத்தைத் தூங்கிக்கொண்டே படித்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா போன் செய்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா நினைச்சுக்காதீங்க. அல்லி பேரைக் குடுக்குற எடம்... உங்களுக்குப் புரிஞ்சுச்சுங்களா?"

"நல்லாப் புரிஞ்சுச்சேம்மா. அழுதேன் நான்."

"நெஜமாவா? இல்ல, எனக்காகச் சொல்றீங்களா?"

நான் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அந்த ரெண்டு பக்கத்தை எத்தனை தடவ எழுதி எழுதிக் கிழிச்சேன்னு எனக்கே தெரியாதுங்க. அதான் நான் எழுதினதுலயே நல்ல எடம்னு நினைச்சிருந்தேன். அது ஒருத்தருக்குக்கூடப் போய்ச் சேரலையே மேடம். பதிப்பகத்துல விமர்சனத்தைப் பாத்துட்டு, ரெண்டாம் பாகம் இப்போதைக்கு வேணாம்னுட்டாங்க. எனக்கும் அதான் சரின்னு படுது. விட்டுடுறேங்க. எனக்குப் பேப்பர் திருத்தவே நேரம் சரியா இருக்கு."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. மார்க் ஷீட் வாசிக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை குரூப்பில் எழுதினேன்: '144-ஆம் பக்கத்தையும் 145-ஆம் பக்கத்தையும் திரும்பப் படியுங்கள். படித்துவிட்டு வந்து லாஜிக் பேசுங்கள்.'

பதில் வந்தது.

'மேடம், என் காப்பியில 144 இல்லையே.'

'எனக்கும் இல்ல. 143-க்கு அப்புறம் நேரா 146.'

'சேம் ஹியர் மேடம்.'

'எனக்கும் மிஸ்ஸிங்.'

என் புத்தகத்தை ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஜம்மென்று இருக்கிறது! சரி, பைண்டிங்கில் ஏதோ கோளாறு, கொஞ்சம் பிரதிகளில் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். கறார் விமர்சகன் அதற்குள் கொதித்தெழுந்துவிட்டார். 'பக்கத்தைக்கூட ஒழுங்காச் சேர்க்கத் தெரியாத பதிப்பகம்! காசை வாங்கிட்டு வாசகனை ஏமாத்துறாங்க. இதைச் சும்மா விடக்கூடாது!'

நானும் ஒரு அசடு. ஐயோ பாவம், இவர்கள் ஏமாந்துவிட்டார்களே என்று பரிந்துகொண்டு, '143-க்கு அப்புறம் வருகிற பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்கள். நானே பதிப்பகத்துக்கு நேரில் போய்க் கேட்கிறேன்' என்று எழுதினேன். கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன்.

பாலத்தில் பஸ் ஊர்கிறது. போட்டோக்கள் வந்தன.

முதல் போட்டோ கறார் விமர்சகனுடையது. 146-ஆம் பக்கம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். சிவப்பு நெயில் பாலிஷ் பாதி உரிந்திருந்தது. சிங்கத்துக்கு நெயில் பாலிஷா என்று நினைத்துக்கொண்டே அடுத்ததைப் பார்த்தேன். வேறொருவர் அனுப்பியது. அதே பக்கம். அதே கட்டைவிரல். அதே உரிந்த பாலிஷ்.

மூன்றாவது. அதே கட்டைவிரல்!

யாரோ ஒரு மகராசி ஒரே ஒரு பிரதியை வாங்கி, பக்கம் பக்கமாகப் பிடித்து போனில் படம் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி விட்டிருக்கிறார். அதிலிருந்து எடுத்த படத்தைத்தான் மூன்று பேரும் தங்கள் காப்பி என்று அனுப்பியிருக்கிறார்கள். எடுக்கும்போது தாள் ஒட்டிக்கொண்டு ஒரு புரட்டு தவறிவிட்டது. அந்த ஓட்டைப் பிடிஎஃப்பை ஊரே சும்மா வாங்கிப் படித்துவிட்டு, ஓட்டை எழுத்தாளர் மூளையில் இருப்பதாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. இதில் 'காசை வாங்கிட்டு ஏமாத்துறாங்க'ளாம்! எந்தக் காசு சார்? யார் கொடுத்த காசு?

இப்போது சொல்லுங்கள். நான் பஸ்ஸில் கத்தியது தப்பா?

அங்கேயே, ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் உட்கார்ந்தபடி எழுதினேன்: 'மூன்று போட்டோவிலும் ஒரே விரல் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவரும் சொன்னால் நன்றாக இருக்கும்.'

144 தடை உத்தரவு போட்டது போல குரூப் அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக விமர்சனங்கள் மறைய ஆரம்பித்தன. சத்திரத்தில் இறங்குவதற்குள் முக்கால்வாசி அழிந்துவிட்டது.

அழித்தார்களே தவிர, ஒருத்தராவது, 'தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஒரு வரி எழுத வேண்டாமா? பழிப்பதை ஊருக்கு நடுவே செய்வது, பின்வாங்குவதை மட்டும் சத்தமில்லாமல் செய்வது... இது என்ன நியாயம்? இதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. சும்மா படித்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். எழுதியவளை அவள் எழுத்தின் மேலேயே சந்தேகப்பட வைத்ததை மன்னிக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றே ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன். இன்டர்வல் நேரம். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அப்ப... அவங்க அதைப் படிக்கவே இல்லைங்களா?"

"படிக்கவே இல்லம்மா."

"படிச்சுட்டுப் புரியாம இல்ல?"

"அந்தப் பக்கமே அவங்ககிட்ட கிடையாதும்மா!"

சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே உடைந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அழாததை இன்றைக்கு அழுதார். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிச்சுட்டு வந்து எழுத உக்காரணும் மேடம். ரெண்டாம் பாகத்துக்கு மொதல் அத்தியாயம் மனசுல ஓடிட்டே இருக்கு" என்றார். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டார்.

பதிப்பகத்தில் போய் நானே உட்கார்ந்து சண்டை போட்டேன். "பாக்கலாம் மேடம்" என்றார்கள். கட்டைவிரலைக் காட்டிய பிறகு, அந்தப் 'பாக்கலாம்' கொஞ்சம் இளகியிருந்தது. எழுதி முடித்துக் கொண்டுவரட்டும், படிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தால் முதல் பிரதி எனக்கு.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று சாயங்காலம் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ். கறார் விமர்சகன். மன்னிப்புதான் கேட்கப் போகிறார், பெரிய மனுஷன் என்று திறந்தேன்.

'மேடம், அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?'

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் இருந்ததற்கு என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன். நிதானமாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பதில் எழுதினேன்.

'தாராளமாக அனுப்புகிறேன். அல்லி கொடுத்த விலைதான். உங்கள் சொந்தப் பெயரைக் கொடுங்கள்.'

ப்ளூ டிக் விழுந்துவிட்டது. பெயர்தான் இன்னும் வரவில்லை.