சந்திரகலா டாக்டர் துடைத்துவிட்ட வாய்

மதியம் கூடலூரிலிருந்து போன் வந்தது. "அக்கா, பல்லு டாக்டரம்மா போயிட்டாக." சந்திரகலா டாக்டரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பல் பிரிவு அவருடையது. எதிர் அறையில் எச்.ஐ.வி. ஆலோசகராக நான். போய்ப் பார்த்தேன். நாடியைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்ன மனுஷி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வாய்ப்புண் வந்தால் நம் பக்கத்தில் சூடு என்பார்கள். மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மேகமலை தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த பெண்ணும் மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்திருக்கிறாள். நாக்கில் தயிர் படிந்ததுபோல் வெள்ளை. "கீரை தின்னும் ஆறலைன்னா அது சூடு இல்ல ஆத்தா. எதிர் ரூம்ல ராணி இருக்கா, ரத்தம் பாத்துட்டு வா," என்றார் டாக்டர். அவள் இன்றும் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிறாள்.

பாண்டி அதே நோயோடு காலம் கடந்து வந்தவர். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலை. ஈறு அழுகி எலும்பு தெரிந்தது. நாற்றம் தாங்காமல் தம்பிமார் வராந்தாவிலேயே நின்றுகொண்டார்கள். டாக்டர் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். பாண்டி கேட்டது ஒன்றுதான்: "எம் மகளக் கண்ணுல காட்டுவாகளா?"

பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் தடுத்திருந்தார்கள். டாக்டர் டவுன் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போனார். "தொட்டா ஒட்டாது. நான் தொட்டுட்டுத்தான வந்திருக்கேன்," என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மறுநாள் கூட்டிவருவதாகப் பேச்சு. விடிவதற்குள் வார்டிலேயே பாண்டி போய்விட்டார்.

காலையில் நான் போனபோது டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சால் அந்த வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. "இனிமே எதுக்கு மேடம்?" என்றேன்.

"பிள்ள வாய்க்கரிசி போடணும்ல, ராணி. கடைசியா பாக்குற மொகம். பிள்ள மூஞ்சியத் திருப்பிரக் கூடாது."

எத்தனையோ வருடமாயிற்று. இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது சிரித்தால் என் கண் அவர்கள் நாக்கைத் தேடிப் போகிறது. பாண்டியின் வாய் கனவில் வருகிறது. டாக்டர் எனக்கு விட்டுப்போனதில் பாதி இந்தப் பயம். மீதி, அன்று பாண்டியின் உடலோடு அவர் ஊருக்குப் போய் நான் பார்த்தது. அந்தப் பிள்ளை அரிசியைப் போட்டது. மூக்கைப் பொத்தவில்லை. யாரும் தடுப்பதற்குள் குனிந்து அப்பா கன்னத்தில் முத்தம் கொடுத்தது.