இன்னும் பிறக்காத வாடிக்கையாளர்

தேனியில் உள்ள எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கணினியை மாற்றியபோது, வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த பழைய கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்தேன். எல்லாம் சரியாக வந்துவிட்டதென்று நம்பினேன். மறுநாள், வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா லென்ஸ் மாற்ற வந்தார். திரையில் அவர் பிறந்த ஆண்டு 2052 என்றிருந்தது. பழைய கோப்பில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே இருந்ததால், மென்பொருள் நூற்றாண்டைத் தப்பாக ஊகித்திருந்தது.

"அப்ப நான் இன்னும் பொறக்கவே இல்லையாக்கும்?" என்று அவர் சிரித்தார். "மூட்டுவலி மட்டும் முந்திக்கிட்டு வந்துருச்சு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துவிட்டு, வருங்காலத்தில் பிறந்திருந்த எல்லோருக்கும் நூறு ஆண்டுகளைக் குறைத்தேன். பிறகு அவருடைய கண்களைச் சோதித்தேன். இடது கண்ணின் பவர் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.