ரிலீவர் வராத குகை

"புக்குல அப்டித்தான் போட்டுக்கீதா சார்?"

"போட்டிருக்குப்பா" என்றேன். புத்தகம் என் மடியில் மூடியபடியே இருந்தது.

அந்த ஒரு பதிலால், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நான் ஒருவரைக் கொன்று, உயிர்ப்பித்து, இன்னொருவரையும் கொல்லும்படி ஆயிற்று. எல்லாம் விளையாட்டில்தான். வியர்வை மட்டும் நிஜம்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிப்ளமோ டிரெய்னியாக இருந்தேன். பென்னலூரில் வாடகை அறை. கூட இருந்தவர் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். என் வயதுதான், பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் எங்கள் கேன்டீனில் பரிமாறுகிற அண்ணனும் வந்துவிடுவார். மெட்ராஸில் நடைபாதைக் கடையில் நான் வாங்கிவந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. அதில் இருந்தது ஒரு கதை விளையாட்டு. ஆளுக்கொரு வீரனாக மாறிக்கொள்ள வேண்டும். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். சண்டை வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன். தன் டர்னில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் என்பதால் கதைசொல்லி, நடுவர், பூதம் மூன்றும் நானே.

படிக்கத் தெரிந்தவன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மெஷின் டிராயிங்கில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு வரும். அந்தப் புத்தகத்தின் சண்டை அத்தியாயத்திலோ ஒரு வாக்கியம் கிளம்பினால் அரைப் பக்கம் தாண்டித்தான் மூச்சு விடும். புரியாத இடங்களில் எல்லாம் நான் கம்பெனி வழக்கத்தைப் போட்டு நிரப்பினேன். எங்கள் ஷாப்பில் ஷிப்ட் முடிந்து மணி அடித்தாலும் பழைய ஆள் நகரக்கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து மெஷினில் கை வைக்க வேண்டும். அதையே குகைக்கும் சட்டமாக்கினேன். குறுகலான வழியில் முன்னால் நிற்கிறவன், பின்னால் இருப்பவன் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும்வரை விலகக்கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

அன்றைய ஞாயிறுதான் மூவரும் சேர்ந்து ஆடுகிற கடைசி ஞாயிறு. அடுத்த வாரத்திலிருந்து பிரஸ் ஷாப்புக்கு வார விடுமுறை வேறு நாள். ஆபரேட்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "நம்மாளு உயிரோட வெளில வந்துட்டா போதும் சார். பொதையல்லாம் வாணாம்."

நம்மாளு என்றது அவருடைய கேடயக்காரனை. பொம்மைக்கு நாங்கள் எங்கே போவது? ஸ்கிராப்பில் பொறுக்கியவைதான். கேடயக்காரன் ஒரு வாஷர். அண்ணனின் வில்லாளி ஓர் ஆணி. பூதம் பெரிய நட்டு. ஆட்டம் முடிந்ததும் வாஷரை எண்ணெய்த் துணியால் துடைத்து, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைப்பார் ஆபரேட்டர். சொந்த மோதிரத்தைக்கூட அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

தரையில் சாக்பீஸால் குகை வரைந்திருந்தேன். குறுகலான வழி. உள்பக்கம் பூதம், அதை மறித்துக்கொண்டு வாஷர், அதற்குப் பின்னால் ஆணி, அதற்கும் பின்னால் வெளியே போகும் வாசல். வாஷர் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. இன்னொரு அடி விழுந்தால் கதை முடிந்தது. ஆபரேட்டரின் டர்ன் வந்தது.

"அண்ணனுக்குப் பின்னாடி வந்துர்றேன் சார்."

"ரிலீவர் வரலையேப்பா. பூதத்தோட டர்னுக்கு அப்புறம்தானே அண்ணன் டர்ன்?"

அப்போதுதான் அவர் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். நான் மூடிய புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறவன் மாதிரி பதில் சொன்னேன். பூதத்துக்காகப் பகடையை உருட்டினேன். வாஷர் செத்தது.

அவர் வாஷரைத் துடைத்தார். தீப்பெட்டியில் வைத்து மூடினார். "டீ வாங்கியாறேன்" என்று தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் வாசலில் பீடி பற்றவைக்க எழுந்ததும் நான் புத்தகத்தைத் திறந்தேன். அந்த அத்தியாயத்திலேயே குட்டி வாக்கியம் அது ஒன்றுதான். கேடயம் வைத்திருப்பவன் தன் டர்னில் தானே பின்வாங்கலாம். யாரும் வந்து இடம் பிடிக்க வேண்டியதில்லை. எல்.கே.ஜி. பிள்ளைக்கே புரியும்.

வேறொருவனாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் புத்தகத்தைத் திறந்தபடியே கவிழ்த்துவைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆபரேட்டர் திரும்பிவந்து, முதல் டம்ளர் டீயை எனக்கே ஊற்றினார். நான் அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்தேன்.

"அந்த நேரத்துல" என்று கதையை ஆரம்பித்தேன், குரல் கீச்சென்று வந்தது, "குகைக்குள்ள ஒரு சித்தர் வர்றாரு. கையில மூலிகை. செத்தவங்களை எழுப்புற மூலிகை."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "சித்தரா? போன வாரம் குடிக்கத் தண்ணி கேட்டதுக்கே பாறைய நக்குன்னியே சார். இப்ப இன்னா திடீர்னு சித்தரு?"

"அது... அவரு அந்த வழியா..."

"எந்திரி."

"கால் மரத்துப்போச்சுண்ணே."

"எந்திரி சார். இன்னா, முட்ட வச்சிகினு கீறியா?"

எழுந்தேன். கசங்கிய பக்கத்தை விரலால் காட்டி, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்து, தமிழிலும் சொன்னேன். பார்க்காமலே பதில் சொன்னதையும் சொன்னேன். ஆபரேட்டர் திட்டுவார் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். அவருக்கு ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

"ரிலீவர் இல்லாமயே போலாமா சார்?"

"போலாம்."

"நம்ம கம்பெனில இல்லியே."

"அதே டர்ன திருப்பி ஆடு" என்றார் அண்ணன். "இந்த வாட்டி கண்ணத் தொறந்துகினு ஆடு."

தீப்பெட்டி திறந்தது. வாஷர் உயிர்பெற்று, ஆணியைத் தாண்டிப் பின்னால் வந்து நின்றது. எனக்குப் பாரம் இறங்கியது. டீகூட ஒரு வாய் இறங்கியது. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். வழியை மறிக்க யாருமில்லை. பூதத்தின் டர்ன். அது முன்னால் வரும். முன்னால் நிற்பது ஆணி.

மூவரும் பார்க்கப் பகடை உருண்டது. ஆணி செத்தது.

"வாணாம் சார்" என்றார் ஆபரேட்டர் அவசரமாக. "மின்ன மாரியே வச்சிக்க. நானே செத்துட்றேன்."

"டேய், ஒரே டர்ன எத்தினி வாட்டிடா ஆடுவ? செத்தவன் செத்தான். நீ கெளம்பு" என்றார் அண்ணன். குரலில் உப்பில்லை. அவர் அந்த ஆணியை எத்தனையோ ஞாயிறு காப்பாற்றி வைத்திருந்தார். ஒரு கொலைக்குப் பரிகாரம் தேடப் போய் இன்னொரு கொலை. நான் யார் முகத்தையும் பார்க்காமல் சாக்பீஸைப் பார்த்தேன்.

"தூக்கினு போலாமா சார்?"

"யாரை?"

"அண்ணன."

இம்முறை விரலை வரிக்கு வரி நகர்த்தி, இங்கிலீஷில் உரக்கப் படித்துவிட்டுத்தான் தமிழில் சொன்னேன். தூக்கலாம். ஆனால் நடை பாதியாகும். துரத்துகிறவன் பின்னாலிருந்து ஓர் அடி அடிக்கலாம்.

"உட்டுட்டு போடா. உன்னுது பொழைக்கணும்னுதான வந்த?" என்றார் அண்ணன்.

ஆபரேட்டர் ஆணியை எடுத்து வாஷரின் ஓட்டையில் செருகினார். என்னைப் பார்த்தார். "உருட்டு சார்."

உருட்டிய வேகத்தில் பகடை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அண்ணனே குனிந்து பார்த்துச் சொன்னார்: "தப்பிச்சிட்டான்." நான் கைதட்டிவிட்டேன். தன் அடி தவறியதற்குக் கைதட்டிய பூதம் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வாஷரும் ஆணியும் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வெயிலுக்கு வந்தன.

மறுநாள் மதியம் கேன்டீனில் எனக்கு முன்னால் நின்ற ஆபரேட்டரின் தட்டில் முருங்கைக்காய் குவிந்திருந்தது. என் முறை வந்ததும் அண்ணனின் கரண்டி சாம்பார் வாளியின் மேல்மட்டத்திலேயே நீந்தியது.

"அண்ணே, கொஞ்சம் அடியில கலக்கி ஊத்துங்க."

"கரண்டிக்கு ரிலீவர் வர்ல சார். மேலயேதான் நிக்கும். புக்குல போட்டுக்கீது."

எந்தப் பக்கத்தில் என்று நான் கேட்கவில்லை.