மருமகனை மடியில் வைத்த நாள்

போன வைகாசியில் என் பிழைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில், ராணுவத்துக்கான கருவிகளை வடிவமைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். அரசின் பாதுகாப்பு அனுமதி இருந்தால்தான் அங்கே இனி வேலை என்றார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வந்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள். காரணம் என் செல்வி அக்கா; அவள் மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவள். மாமா அந்த நாட்டு அரசு அலுவலர். அவர்கள் வழியாக என்னை யாராவது வளைத்துவிடலாமாம். கூடப் பிறந்ததே குற்றமாகிவிட்டது.

மேனேஜர் நல்லவர்தான். "மறுபடி ஒருதடவை விசாரிப்பாங்க. அப்போ அக்காகூட போக்குவரத்தே இல்லன்னு சொல்லிடுங்க குமார். இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். எனக்கும் அப்படியே சொல்லிவிட ஆசை வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகனுக்குக் காதுகுத்து. நம் தொம்மலூர் முருகன் கோயிலில்தான் என்று அங்கிருந்து வந்திருந்தாள். நான் எந்த போட்டோவிலும் விழாமல் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரம் நின்றுகொண்டேன். 'முருகா, எனக்கு வழி தெரியவில்லை, நீயே சொல்' என்று உள்ளுக்குள் கதறினேன்.

அப்போது குருக்கள், "தாய்மாமன் யாரு? முன்னாடி வந்து கொழந்தைய மடியில வச்சுக்குங்க" என்றார்.

அக்கா திரும்பி என்னைத் தேடினாள். குருக்கள் வாயால் முருகனே கேட்டதாக எனக்குப் பட்டது. போய் உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினான். நானும் அழுதேன்.

மறுவிசாரணையில் அக்காவைப் பற்றிக் கேட்டார்கள். வாரம் தவறாமல் பேசுவோம், அவள் மகனுக்கு என் மடியில்தான் காது குத்தினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அதிகாரி கன்னடக்காரர், தமிழும் பேசினார். "எங்க வீட்லயும் தாய்மாமன் மடிதான்" என்றார். பிறகு, "அவங்க வந்துட்டுப் போனது எங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க மறைக்கிறீங்களான்னுதான் பார்த்தோம்" என்றார்.

ஆவணியில் அனுமதி வந்தது. அக்கா வந்தால், போனால் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிவிக்கிறேன். இப்போது எதையும் யாரிடமும் மறைப்பதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அடியார்களே, இக்கட்டு வந்தால் முருகன் சன்னதிக்குப் போங்கள். நிச்சயம் கூப்பிடுவான். கூப்பிடும்போது என்னைப்போல் தூணுக்குப் பின்னால் நிற்காதீர்கள்.