கைகோக்காத கார்னர்

கபடியில் பாடி வருபவனைத்தான் எல்லோருக்கும் தெரியும். தொடை தட்டுவதும் மீசையை முறுக்குவதும் அவன்தான். கேமராவும் அவன் பின்னால்தான் ஓடும். நான் பிடிக்கிறவன். கல்லூரியில் மூன்று வருடம், அப்புறம் லீக்கில் ஒரு வடநாட்டு அணிக்காக நான்கு சீசன், எல்லாமே இடது கார்னர். கோட்டு ஓரத்தில் குனிந்து நின்று, பாடி வருபவன் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் அந்த ஒரு நொடியில் கணுக்காலைப் பிடித்துத் தூக்குவது என் வேலை. என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: துணை இல்லாமல் தனியாளாகப் பிடிப்பான், பிடித்தால் விடமாட்டான்.

பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கார்னர் தனியாக நிற்கிற இடமே இல்லை. அவனும் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனும் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். ஒருவன் பாய்ந்தால் மற்றவன் இழுத்துப் பிடிப்பான், ஒருவன் தடுமாறினால் மற்றவன் தாங்குவான். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கையைப் பிடிக்க ஊரில் ஆள் இல்லை.

கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். என் தாத்தா காலம் வரை எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் வயலில்தான் வேலை. பொங்கல் கபடிக்கு ஊர் டீம் தனி, எங்கள் தெரு டீம் தனி. எங்கள் டீமில் ஆள் பத்தாது, கார்னரில் நான் ஒருவனாகத்தான் நிற்பேன். நான் பன்னிரண்டாவது படித்த வருடம், பக்கத்து ஊரிடம் தொடர்ந்து தோற்ற ரோஷத்தில் ஊர் டீம் என்னைக் கூப்பிட்டது. கார்னரில் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஆளிடம் கையை நீட்டினேன். அவர் தன் கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நீ தனியா நின்னே பிடிடா. ஒனக்கு அது போதும்” என்றார்.

நான் கணுக்காலைப் பிடித்ததும் அதே ஆள்தான் முதலில் என் மேல் விழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும் விழுந்தார்கள். வேர்வையும் புழுதியுமாக எல்லோரும் ஒன்றாகப் புரண்டோம். மேலே விழுந்து புரளும்போது ஒட்டாத தீட்டு, ஊர் பார்க்கக் கைகோத்து நிற்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். அன்று ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நான் இல்லை.

மதுரையில் கல்லூரி. ஆனையூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். கல்லூரி அணியில் என் பக்கத்தில் நின்றவன் சௌராஷ்டிரக்காரன். அவன் அம்மா போனில் கூப்பிட்டால் எங்களுக்குப் புரியாத பாஷையில் கொஞ்சுவான். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் நல்ல மதுரைத் தமிழ். முதல் மேட்சில் அவன் கையை நீட்டியபோது என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை, நானேதான் இழுத்துக்கொண்டேன். இருவருக்கும் நடுவே கிடைத்த சந்தில் பாடி வந்தவன் புகுந்து, ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிப்போனான். ஒரே பாட்டில் இரண்டு பேரும் அவுட். ஆட்டமும் போயிற்று.

“கையில என்ன மாப்ள, சுளுக்கா?” என்று கேட்டான், குழாயடியில் கால் கழுவும்போது.

காரணத்தைச் சொன்னேன். வருத்தப்படுவான் என்று நினைத்தேன், அவனுக்குக் கோபம்தான் வந்தது. “அவிங்க பண்ணதுக்கு என்னைய எதுக்குடா அவுட்டாக்குற? ஒழுங்கா கையக் குடு” என்றான். அன்று சாயங்காலம் இருட்டும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் பக்கவாட்டாக நடக்க வைத்தான், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு கையை நீட்டுவதற்குக் கல்லூரி வயதில் பழக வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம்.

லீக்கில் நான் பெயர் எடுத்த சமயம், தமிழ் சேனல் ஒன்றிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். தனியாளாகப் பிடிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டார் வந்தவர். கண்மாயில் மீன் பிடித்துப் பழகியதுதானே என்று பதிலையும் அவரே எடுத்துக்கொடுத்தார். “இல்ல சார், ஊர்ல என் கையப் பிடிக்க மாட்டேன்ட்டாய்ங்க, அதான்” என்றேன். டிவியில் பார்த்தால் நான் சொன்னது இல்லை. கண்மாய் இருந்தது, பின்னணியில் புல்லாங்குழலும் இருந்தது.

போன சீசனோடு லீக்கை முடித்துக்கொண்டு மதுரைக்கே வந்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். ரோட்டு முனையில் என் படம் போட்டு பிளக்ஸ்: ‘பிடித்தால் விடாத எங்கள் ஊர்ச் சிங்கம்’. எங்கள் ஊராம். வாடா போடா என்றவர்கள், “வாங்க தம்பி, நீங்கதேன் ஆட்டத்தத் தொடங்கி வைக்கணும்” என்று சால்வையோடு வந்தார்கள்.

“சால்வை வேணாம்ணே. ஊர் டீம்ல கார்னர்ல நிக்கிறேன். பக்கத்துல நிக்கிறவுக என்கூடக் கைகோக்கணும். அம்புட்டுத்தேன்” என்றேன்.

அப்பா என்னை ஓரமாக இழுத்துப்போனார். “போத்துனா போத்திக்கிட்டு வந்துருப்பா. நீ நாளைக்கி மதுரைக்குப் போயிருவ. நாந்தேன் இங்கன கெடக்கணும்.”

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுக்கேட்டுத்தான் இத்தனை காலம் கையை மடக்கி வைத்திருந்தோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

பக்கத்தில் வந்து நின்றவர் அன்றைக்கு இடுப்பில் கை வைத்த அதே ஆள். லேசாகத் தொப்பை போட்டிருந்தது, இப்போது அவர்தான் கேப்டன். கையை நீட்டினேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். “ஆட்டத்த ஆரம்பிங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள். “கைகோக்காம ஆட்டம் இல்ல” என்று நானும் கத்தினேன். நீட்டிய கையை மடக்கவில்லை. தோள் வலித்தது. கடைசியில் அவர் சுண்டுவிரலை மட்டும் நீட்டினார்.

நான் முழுக் கையையும் பிடித்தேன்.

விசில் ஊதியதும் பாடி வந்தவன் நேராக என் பக்கம்தான் வந்தான். போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான். தூக்கத்தில்கூடப் பிடித்திருப்பேன், அவ்வளவு பக்கத்தில் கணுக்கால். ஆனால் அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அந்த நொடியில் கோத்த கையை விட்டுவிட்டுத்தான் பாய வேண்டும். பிடித்த கையை நான் விடவில்லை. அவன் என் முழங்காலைத் தொட்டுவிட்டு ஓடிப்போனான். நடுவர் என்னை அவுட் என்று காட்டினார்.

“கைக்கு வந்த காலு தம்பி, போயிருச்சே!” என்று பல்லைக் கடித்தார் கேப்டன்.

“போகட்டும்ணே” என்றேன். எங்கள் இருவர் கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஊர் முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை பிடித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் களத்தைவிட்டு வெளியே போனேன்.