மோட்டாருக்குப் போன ஓ.டி.பி.

மஞ்சளுக்குப் பயிர்க் காப்பீடு போட இன்றுதான் கடைசி நாள். பாப்பாரப்பட்டி இ-சேவை மையத்தில் என் முறை வரவே சாயங்காலம் ஆகிவிட்டது.

"பேங்க்ல குடுத்த நம்பருக்கு ஓ.டி.பி. போயிருக்குதுங்க, சொல்லுங்க" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா.

என் போனில் ஒன்றும் வரவில்லை. திரையில் இருந்தது என் பழைய எண். புதுப் போன் வாங்கியபோது அந்த சிம்மை என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன்.

"ஒரு கால் போட்டுப் பாருங்க, யாராச்சும் எடுப்பாங்க."

"அய்யோ, வேண்டாங்கக்கா! கால் போட்டா கெணத்து மோட்டார் ஓடும்!"

வீட்டிலிருந்தே போன் செய்து மோட்டாரை ஓட்ட, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் வேண்டும். இவர் என்னுடையதைச் செருகி வைத்திருக்கிறார்.

தோட்டத்தில் இருந்தவரைக் கூப்பிட்டேன். "ஏங்க, மொதல்ல பியூஸைப் புடுங்குங்க. அப்பறமா பெட்டில கை வெய்ங்க."

சிம்மை எடுத்துத் தன் போனில் இன்னொரு சிம்மாகப் போட்டார். மறுபடி அனுப்பிய ஓ.டி.பி.யை அவர் கத்திச் சொன்னது மையத்தில் எல்லோருக்கும் கேட்டது. மையத்தைச் சாத்தப் பூட்டை எடுத்து வைத்திருந்த அக்கா சிரித்துக்கொண்டே ரசீதைக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பேங்க்கிலிருந்து ஒரு மெசேஜும் வருவதில்லை என்று இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் தவறாமல் கிணற்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் மோட்டாரில் யாருடைய சிம் இருக்கிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கால் போட்டு மட்டும் பார்க்காதீர்கள்.