ராணியைப் பார்க்காமல் வாங்கிய பெட்டி

மாடு வாங்கினால் ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டு வரலாம், கோழி வாங்கினால் கூடையில் போட்டுக்கொண்டு வரலாம். தேனீ வாங்கினால் மட்டும் அவை வேலை முடிந்து வீடு திரும்பும்வரை காத்திருந்து, வாசலை அடைத்து, வீட்டோடு தூக்கிக்கொண்டு இருட்டில் நழுவ வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைத் திருடியதுபோல் கொண்டுவர வேண்டிய தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நான் சித்தூரில் ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் டேவிட் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாமரங்கள். பூ கொள்ளையாகப் பூக்கும், பிஞ்சு நிற்காது. தேனீப் பெட்டி ஒன்று வைத்துப் பாருங்கள் என்று தேனீ வளர்ப்புப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குக் கண் வலிக்கத் தைத்துச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு பெட்டிக்கே போனது. புதிதாகப் பெட்டி வாங்கி, வாங்கிய நாளிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும் அன்பர்களே, என் கதையையும் கேளுங்கள்.

களி ஆறிவிடும்

பெட்டி விற்பவர் வெதுருகுப்பத்து முனிரத்தினம். வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள், தேனடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ராணியைக் காட்டுகிறேன், இருட்டினால் ஒன்றும் தெரியாது என்று போனிலேயே சொல்லியிருந்தார். ராணி இல்லாத பெட்டியில் முட்டையிட ஆளில்லை. சில வாரங்களில் பெட்டி காலியாகிவிடும். ராணியைப் பார்க்காமல் வாங்காதே என்பதுதான் வகுப்பில் எங்களுக்கு முதல் பாடம்.

மத்தியானமே கிளம்பினோம். ஆனால் வழியில் புத்தலப்பட்டில் என் சின்னம்மா வீடு இருக்கிறது. நிற்காமல் போனது தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று இறங்கினால், கோழி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. கோழி வெந்த பிறகு களி, களிக்குப் பிறகு காபி, காபியோடு அவருடைய நாத்தனார் மகள் கல்யாணப் பேச்சு. நான் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தேனீ வாங்கப் போகிறோம், நேரமாகிறது என்று விளக்கிச் சொன்னேன்.

"ஈ எங்கம்மா போயிடப் போவுது? களி ஆறிடும், மொதல்ல துன்னு."

கூட்டத்தைப் பார்த்தால் வெட்கம்

நாங்கள் வெதுருகுப்பம் போய்ச் சேர்ந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. முனிரத்தினம் டார்ச் வெளிச்சத்தில் ஓர் அடையைத் தூக்கிப் பிடித்தார். பழுப்பாக, பளபளவென்று, மொத்தமும் அசைந்தது. மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்று கண்ணில் பட, இதுதானே ராணி என்று பெருமையாகக் கையை நீட்டினேன். அது ஆண் ஈ என்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

எல்லா அடைகளையும் அவர் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டு, மூடியைச் சாத்தினார். நாளை வரலாம்தான். ஆனால் எங்கள் மரங்களில் பூ விரிய ஆரம்பித்துவிட்டது, டேவிட்டுக்கு இன்னொரு நாள் சவாரி வீணாகும், வேறு யாரோ இதே பெட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பதாக முனிரத்தினம் வேறு சொன்னார். வகுப்பில் படித்ததெல்லாம் காற்றில் போக, சரி என்று தலையாட்டிவிட்டேன்.

"உள்ளதான் கீதும்மா, நம்பி எடுத்துக்கினு போ. கூட்டத்தக் கண்டா அதுக்குக் கொஞ்சம் வெக்கம்."

கடைசி ஈ

வாசலை உடனே அடைத்துவிட முடியாது. வெளியே போனவை எல்லாம் திரும்பியாக வேண்டும். பெட்டி முன்னால் நான் குந்தியிருக்க, டேவிட் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது நின்றுபோய், இனி இல்லை என்று கம்பி வலையை எடுக்கும்போதெல்லாம் இன்னொன்று வந்து இறங்கும். சில உள்ளே போகாமல் வாசல் பலகையிலேயே உட்கார்ந்து இளைப்பாறின. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. டேவிட் கொட்டாவி விட்டார்.

"நம்ம சபையில கூட லேட்டா வர்றவங்களுக்காக இவ்ளோ நேரம் யாரும் காத்துக்கினு இருந்ததில்ல, எஸ்தர்."

இடது கை பக்கம் ஒரு சவாரி

பெட்டியை ஈரச் சாக்கால் போர்த்தி, பின் சீட்டில் என் பக்கத்தில் வைத்துக் கட்டினோம். மேடு பள்ளம் வந்தால் அடை ஒடியாமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு: சாலையோரம் யார் கையைத் தூக்கினாலும் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். அன்றும் மிதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பூக்கூடையோடு ஓர் அம்மாள் ஏறிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் முழங்கையைப் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டார். உள்ளே இருப்பது என்ன என்று சொன்னால் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்தாலும் குதிப்பார். நானும் டேவிட்டும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம். பாவம், அவர் எங்களுக்கு மல்லிகை கூடக் கிள்ளிக் கொடுத்தார். இறங்கும்போது அக்கறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"உன் போனு அப்போ புடிச்சி அதிர்ந்துகினே கீதும்மா. வூட்ல தேடறாங்க போல, எடுத்துப் பேசு."

செக்போஸ்ட்

எங்கள் பக்கத்தில் இருட்டின பிறகு மரப்பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. செம்மரச் சோதனைக்கு நின்றிருந்த போலீஸ்காரர், "ஏமம்மா, ஏம் உந்தி லோபல?" என்று, உள்ளே என்ன இருக்கிறதெனத் தெலுங்கில் ஆரம்பித்து, நான் தமிழில் உளறியதும் தமிழுக்கு வந்தார். தேனீ சார் என்றேன். நம்பவில்லை, திறக்கச் சொன்னார். திறந்தால் நாம் மூன்று பேரும் ஓட வேண்டும் சார் என்று டேவிட் கையெடுத்துக் கும்பிட்டார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, பெட்டியில் காதை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். நிமிர்ந்தபோது முகமே மாறிவிட்டது. அவர் மாமனார் ஊரிலும் பெட்டி இருக்கிறதாம். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி, ராணியைப் பார்த்தீர்களா என்று. உண்மையைச் சொன்னேன்.

"செம்மரம் கடத்தறவன் கூட கட்டையப் பாத்துட்டுதாம்மா தூக்குவான்."

ஜெபம்

எங்கள் சபையில் போர்வெல் போட்டாலும் பிரிட்ஜ் வாங்கினாலும் போதகர் வந்து ஜெபிப்பார். பெட்டிக்கும் வந்தார். மாமரத்தடியில் ஸ்டாண்டில் ஏற்றி, எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தேன். ஈக்கள் வெளியே வந்து, வாசலைப் பார்த்தபடியே வட்டமடித்து இடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தன. ஒரு வாரம் திறக்கக் கூடாது என்பதால் ராணி உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. நான் ராணியைப் பார்க்காமல் வாங்கியது தெருவுக்கே தெரிந்திருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் கேட்டார்கள், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களும் கேட்டார்கள். தேன் வரும், மாங்காய் வரும் என்று ஆரம்பித்தவள், இப்போது அந்தக் குடும்பம் பிழைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். போதகர் கண்ணை மூடி, கொஞ்சம் தள்ளியே நின்று ஜெபித்தார்.

"கர்த்தாவே, இந்தப் பெட்டிக்குள் ராணி உண்டோ இல்லையோ நாங்கள் அறியோம், நீர் அறிவீர், இல்லாவிட்டால் ஒன்றைக் கட்டளையிடும்."

வெள்ளை நூல்

வாரம் முடிந்த காலையில், கொசுவலையில் நானே தைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். நடு அடையைத் தூக்கி, வெயில் முதுகுப்பக்கமிருந்து விழும்படி திரும்பி நின்றேன். ராணி அன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் அடையின் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் வெள்ளை நூலை ஊசிமுனையளவு நறுக்கி நட்டுவைத்ததுபோல் ஏதோ நின்றது. அடுத்த அறையிலும் ஒன்று. வரிசை வரிசையாக, அறைக்கு ஒன்றாக, ஒரு தையல் கூட விடுபடவில்லை. முட்டை. மூன்று நாளில் அது புழுவாகிவிடும். அப்படியென்றால் இவை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இட்டவை. அவள் இருக்கிறாள், வேலையையும் ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க வழியில்லை என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. டேவிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே கை தட்டினார். அதே சந்தோஷத்தில் முனிரத்தினத்துக்குப் போன் போட்டு, ராணி இருக்கிறாள், முட்டை பார்த்தேன் என்றேன்.

"உள்ள கீதா? அப்பாடா. நானும் ஒரு வாரமா சரியா தூங்கலம்மா."

ஆக, இந்தத் தொழிலில் விற்றவர், வாங்கியவள், ஓட்டியவர், ஜெபித்தவர் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் காலம் தள்ளுகிறோம். விஷயம் தெரிந்து வேலை பார்ப்பவர்கள் பெட்டிக்குள் இருப்பவர்கள் மட்டும்தான்.